மூன்றாம் மாடியில் பெர்சிபோலிஸ்

ஒரு பெண்மணி முப்பது வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்த பொருளை நான் குப்பை லொறியோடு போகவிட்டேன். அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, வெள்ளம் அழித்துவிட்டது என்று அவரிடமே பொய் சொன்னேன். அவர் அதை நம்பி, எனக்கே ஆறுதல் சொன்னார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால், அதற்குள் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள நிறைய இடம் கிடைத்துவிடும். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் எல்லோரும் அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிட்டோம். கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், ஆஸ்பத்திரிக்குப் பின்புறத் தெருவில் இருந்த நாலு மாடிக் கட்டடம். நான் அதற்கு கொன்சியேர்ஜ். அதாவது கீழ்த்தளத்தில் வாடகையில்லாமல் குடியிருந்து, படிகளைத் துடைத்து, வாசலில் பனி அள்ளி, அடைத்துக்கொண்ட குழாய்களைத் திறந்துவிடும் ஆள். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு இருபத்தாறு வருஷம் வரலாறு படிப்பித்தவன். கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனம் என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிடுவதைக் கேட்ட மதாம், அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. எங்கள் பேச்சு பாதி பிரெஞ்சும் பாதி ஆங்கிலமுமாக நடக்கும். இரண்டிலும் இருவருக்கும் தடுமாற்றம்தான். இங்கே அதை என் வாயில் வரும் தமிழில் எழுதுகிறேன்.

ஈரானில் இருந்து வந்தவர். எழுபதை ஒட்டிய வயது. மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார், மகள் ஆற்றுக்கு அப்பால் லவாலில். யார் எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "கண்டனீங்களோ, கேள்விப்பட்டனீங்களோ?"

லிஃப்ட் பழுது என்று நான் தாளில் எழுதி ஒட்டியிருப்பேன். அவர் அதை ஆறுதலாக வாசித்து முடித்து, பிறகு பொத்தானை அமத்திப் பார்ப்பார். ரேடியோவில் பனி கொட்டுகிறது என்று சொன்னால் பல்கனிக்குப் போய்க் கையை நீட்டுவார். இரண்டாம் மாடியில் இருந்த ராணி ஒருநாள் கீழே வைத்து அவரிடம் ரகசியம்போலச் சொன்னா: "மதாம், நாலாம் மாடிக்காரர் மனுசியை விட்டிட்டுப் போட்டாராம்."

"போனதைக் கண்டனீங்களோ?"

"நான் காணேல்லை. சொல்லிச்சினம்."

"அப்ப அவர் நாலாம் மாடியிலதான் இருக்கிறார்."

அன்று பின்னேரமே அந்த மனிதர் மூலையில் இருந்த டெபானர் கடையில் பாலும் முட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். ராணி என்னிடம் வந்து பொரிந்தா: "உவவோட ஒரு ஊர்க்கதை கதைக்கேலாது மாஸ்டர். பொலிஸ்காரர் மாதிரிச் சாட்சி கேக்கிறா."

தான் பார்த்ததையும் அவர் இலேசில் வாயால் சொல்லமாட்டார். மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். ஏப்ரலில் ஒருநாள் என்னை அப்படி இழுத்துப்போய் வாசல் மேப்பிள் மரத்தின் கீழ் நிறுத்தினார். பத்து நிமிஷம் நின்றும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "பாருங்கோ" என்றார். பார்த்தேன். எட்டாத உயரத்தில், ஒரு கிளையின் நுனியில் மட்டும், அரிசி அளவில் ஒரு சிவப்பு மொட்டு. அவர் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருடைய வேலையே அதுதானாக இருந்திருக்கிறது. இளம் வயதில் பெர்சிபோலிஸ் இடிபாடுகளில் படியெடுக்கும் குழுவில் இருந்தவர். பண்டைய பாரசீக மன்னர்கள் விழாக்களுக்காகவே கட்டிய தலைநகரம் அது. அவருடைய ஆட்கள் அதைத் தக்தே ஜம்ஷீத் என்பார்கள். தடித்த, பசையில்லாத தாளை நனைத்துச் சிற்பத்தின் மேல் பரப்பி, மயிர்த்தூரிகையால் அடித்து அடித்து ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறக்க வேண்டும். வெயிலில் காய்ந்ததும் உரித்தால் கல்லின் முகம் தாளில் வந்துவிடும். கல்வெட்டுகளைப் படியெடுக்க நம் பக்கத்திலும் இதைப்போன்ற முறை உண்டு என்பதால் எனக்குச் சட்டென்று விளங்கியது. மழையும் பனிக்குளிரும் அந்தச் சுவர்களை வருஷா வருஷம் தின்றுகொண்டிருந்தன. மழை மூக்கில் இருந்துதான் தொடங்கும் என்பார் மதாம். பிறகு விரல்கள். அதற்கு முன் தாளில் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் குழுவின் அவசரம். நல்ல படிகள் எங்கோ அலுவலகத்துக்குப் போயின. ஓரம் கிழிந்தவற்றை இவரை வைத்துக்கொள்ள விட்டார்கள். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது உடுப்புகளை விட்டுவிட்டு, அந்தத் தாள்களை ஒரு கம்பளத்துக்குள் சுருட்டி எடுத்து வந்திருந்தார்.

எங்களுக்குள் முதல் உரசல் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் இருந்த அறையில் நடந்தது. ராணியும் வேறு இரண்டு தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். எனக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. அலெக்சாந்தர் குடிவெறியில் பெர்சிபோலிசைக் கொளுத்தினான் என்று வகுப்பில் சொல்வதைப்போலவே, கையில் தீப்பந்தம் இருப்பதாகப் பாவனை செய்து சொன்னேன். இருபத்தாறு வருஷம் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. ராணி அதை மதாமுக்குப் பிரெஞ்சில் சொன்னா.

மதாம் என்னைப் பார்த்தார். "கண்டனீங்களோ?"

"புத்தகத்தில இருக்குது, மதாம்."

"நான் அங்கத்தைய கல்லைக் கண்டனான். சூட்டில வெடிச்ச தூணைக் கண்டனான். சாம்பல் படையைக் கையால தொட்டனான். நெருப்பு உண்மை." ஈர உடுப்பை உதறிக்கொண்டே சொன்னார்: "குடியை நான் காணேல்லை."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் படிக்கட்டுத் துடைப்பவனுக்கு மிச்சமிருந்தது அந்த வரலாறு மட்டும்தான். அதை ஈர உடுப்போடு சேர்த்து உதறிவிட்டதாக எனக்குப் பட்டது. பின்னர் நான் செய்ததற்கு இது காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் லொறி வந்த அன்று நான் தாமதித்ததற்கு இதற்கும் பங்கு உண்டு.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனவருத்தம் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, மதாம் கீழே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனார். நடையின் இரு பக்கமும், ஒரு கதவில் இருந்து அடுத்த கதவு வரை, சாம்பல் நிறத் தாள்கள் சுவரில் சாய்ந்து நின்றன. முட்டை அடுக்கும் அட்டைபோல மேடும் பள்ளமுமாக, அழுக்காக இருந்தன. இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன். அவர் நடையின் குழல்விளக்கை அணைத்தார். ஒரு மேசை விளக்கைத் தரையில் வைத்து, வெளிச்சம் தாள்களின் மேல் பக்கவாட்டில் விழும்படி திருப்பினார்.

ஆட்கள் எழுந்தார்கள்.

வேறு விதமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இடுப்பளவு உயரத்தில், ஒருவர் பின் ஒருவராக, நடை முழுக்க மனிதர்கள். தாடியின் ஒவ்வொரு சுருளும் ஊரிச் சிப்பிபோல முறுகியிருந்தது. மன்னனுக்குக் காணிக்கை கொண்டு இருபத்துமூன்று நாட்டுச் சனம் படியேறிய ஊர்வலம் அது. இங்கே இருந்தது அதில் ஒரு பகுதி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடையில் ஒரு சைப்ரஸ் மரம். ஒவ்வொரு கூட்டத்தின் தலைவனையும் அரண்மனைக்காரன் ஒருவன் கையைப் பிடித்து அழைத்துப் போகிறான். ஆட்டுக்கடா, காளை, ஒட்டகம், வளையல்கள், மடித்த துணி. வேறோர் இடத்தில் பிரபுக்கள் வரிசையில் நின்று அலுத்துப்போய், ஒருவன் முன்னால் நிற்பவனின் தோளில் கைவைத்துத் திரும்பி ஏதோ கதை சொல்கிறான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக அந்தக் கதை முடியவில்லை.

ஒரு தாளின் முன் என் கால் தானாக நின்றது. வேட்டி மாதிரி ஒரு துண்டு மட்டும் கட்டிய ஒருவன், வெறுங்காலோடு, தோளில் காவுதடி வைத்து இரு பக்கமும் கூடை தொங்கப் போகிறான். தடி பாரத்தில் வளைந்திருந்தது. சிந்துப் பக்கத்து ஆளாக இருக்கும் என்று எனக்குள் இருந்த ஆசிரியன் சொன்னான். ஆனால் அது எங்கள் ஊர்ச் சந்தைக்குச் சுமை காவியவர்களின் கெண்டைக்கால்.  குனிந்து அந்தக் கூடைகளைப் பார்த்தேன்.

நாங்கள் படியேறுவதைக் கண்ட ராணியும் தன் கதவைப் பூட்டாமல் மேலே ஓடி வந்து நின்றா. ஒவ்வொரு தாளாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனா. பிறகு மெதுவாக, "ஒருத்தருக்கும் விலங்கு போடேல்லை, மாஸ்டர்" என்றா.

அப்போதுதான் நானும் கவனித்தேன். பேரரசின் சுவர். நான் படிப்பித்த பேரரசுகள் எல்லாம் தங்கள் சுவர்களில் வெட்டிய தலைகளை அடுக்கி வைத்தவை. இங்கே சிங்கம் காளையைக் கடிக்கிறது. மனிதன் மனிதனைத் தொடுவது கைபிடிக்கவும் தோளில் கைவைக்கவும் மட்டும்தான். சண்டைக்குள் இருந்து வந்த எங்கள் இருவருக்கும் அது நம்ப முடியாததாக இருந்தது. "அப்ப இந்த ராசா ஒருத்தரையும் கொல்லேல்லையோ?" என்று மதாமைக் கேட்டேன்.

"கொன்றிருப்பான். இந்தச் சுவரில இல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

வரும் இலையுதிர் காலத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து ஆட்கள் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இந்தத் தாள்களில் சுண்ணம் வார்த்தால் முகங்களைத் திரும்ப எடுக்கலாம் என்றார். அங்கே கல்லில் சில முகங்கள் இந்நேரம் இல்லாமலே போயிருக்கும். இருப்பது இதில்தான். அதுவரை கீழ்த்தளத்தில் அவருக்கு ஒதுக்கியிருந்த சாமான் கூண்டில், மேல்தட்டில் அவை இருந்தன. அதன் பூட்டுக்குத் திறப்பு என்னிடமும் ஒன்று இருந்தது.

இந்த நகரத்தில் ஜூலை முதலாம் தேதி பாதிச் சனம் வீடு மாறும். எல்லா வாடகை ஒப்பந்தங்களும் ஒரே நாளில் முடிவதால், தெருவெல்லாம் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியுமாகக் கிடக்கும். குப்பை லொறி எதையும் கேட்காமல் அள்ளும். அந்த வருஷம் அதற்கு முந்திய வாரம் பெருமழை. மதாம் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். முதலாம் தேதி விடியும்போது கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கட்டடச் சொந்தக்காரர் கூண்டுகள் எல்லாவற்றையும் அன்றே காலிசெய்யச் சொன்னார். உலர்ந்த இடம் கொதிகலன் அறை ஒன்றுதான்; அதில் ஒரு மூலைதான் வெறுமையாக இருந்தது.

மதாமின் கம்பளச் சுருள் மேல்தட்டில் உலர்ந்தே இருந்தது. எனக்கும் ஒரு கூண்டு இருந்தது. அதில் ஏழு பெட்டிகள். யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுவந்த பாடக்குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், எழுதத் தொடங்கிவிட்டுப் போட்ட ஒரு வரலாற்று நூலின் முதல் அத்தியாயம். கனடாவுக்கு வந்து ஒருநாளும் திறக்காத பெட்டிகள். முதலில் அவருடைய சுருளை வாசலுக்குக் கொண்டுபோய், பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, நடைபாதையில் வைத்தேன். பிறகு என் பெட்டிகளைக் கொதிகலன் அறைக்குச் சுமந்தேன். மிச்ச இடத்தில் சுருளை வைக்கலாம் என்று எண்ணினேன். ஏழாவது பெட்டியோடு மிச்ச இடம் முடிந்துவிட்டது.

அதற்கு முன்பே, ஆறாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் ஜன்னலால் லொறியைக் கண்டேன். பெட்டியைக் கீழே தண்ணீரில் போட்டுவிட்டு ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். எத்தனையோ முறை மனதுக்குள் ஓடிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் பிடித்துவிடுகிறேன். அன்று நான் ஓடவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். இருவர் சுருளின் இரு முனையையும் பிடித்து, ஒருதரம் ஆட்டி, வீசினார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வெள்ளம் வந்திட்டுது மதாம். தாளெல்லாம் கூழாப் போச்சுது. கம்பளமும்தான்."

அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு கேட்டார்: "கண்டனீங்களோ?"

"என்ர கண்ணால கண்டனான்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய அளவுகோலில் அது போதும். என் கையை எடுத்துத் தட்டினார். "மழை அங்கயிருந்து இவ்வளவு தூரம் தேடி வந்திருக்குது. நீங்கள் என்ன செய்வீங்கள், மாஸ்டர்?"

நாலு வருஷம் இப்படிப் போனது. அவர் ஊன்றுகோலோடு நடமாடத் தொடங்கினார். அருங்காட்சியகத்துக்குத் தானே கடிதம் எழுதி வரவேண்டாம் என்றார். எங்கள் வீட்டுக்குப் பிஸ்தாவும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவார். என் மனுசி அவருக்கு ரொல்ஸ் பொரித்து அனுப்புவா. லிஃப்ட்டில் என்னைக் கண்டால் முகம் மலரும். நான் தரையைப் பார்ப்பேன்.

வேலையை விட்டு இரண்டாம் மாடியில் வாடகைக்கு வந்தபோது கொதிகலன் அறையைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. உதவிக்கு வந்த என் மகள் ஒரு பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்தினாள். "அப்பா, உதென்ன குப்பை? கறையானும் தின்னாது." நான் எடுத்துப் பார்த்தேன். உண்மையில் குப்பைதான். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய குறிப்புகள். ஏழு பெட்டியையும் நடைபாதையில் வைத்துவிட்டு, அப்படியே மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். நின்றபடியே சொன்னேன். தாள் நனையவில்லை. லொறி வந்தது. எனக்கு நேரம் இருந்தது.

"பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

"ஓம்."

அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அதன்பின் லிஃப்ட்டில் 'பொன்ஜூர்' கூட இல்லை.

மன்னிப்புக் கடிதம் மூன்று எழுதிக் கிழித்தேன். கடைசியில், நான் அழித்தது எது என்று போய்ப் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. மனுசி தலையில் கைவைத்தா. "உங்களுக்கு விசரே? கதிர்காமக் கோயில் எண்டாலும் பரவாயில்லை. ஈரானுக்கோ?" மகள் விசாத் தாள்களை நிரப்பித் தந்துகொண்டே, "முழங்கால் ஏலாம வீட்டுப் படியே ஏறமாட்டீங்கள், அங்க நூறு படியாம்" என்றாள்.

படிகள் நாலு விரல் உயரம்தான். நீண்ட அங்கி அணிந்தவர்களும் குனியாமல், மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஏறட்டும் என்று அப்படி வெட்டியிருக்கிறார்கள். என் முழங்கால் ஒருமுறைகூட முனகவில்லை. மேலே, வானத்தைத் தவிர வேறெதையும் தாங்காத தூண்கள். பையில் ஒரு தாள்சுருளும் தூரிகையும் கொண்டுபோயிருந்தேன். ஒரு முகத்தையாவது எடுத்துவரலாம் என்று கிழட்டு எண்ணம். காவலாளி தூரிகையைக் கண்டதும் விரலை ஆட்டி, பையை வாங்கி வைத்துக்கொண்டார். அதுவும் சரிதான். நான் பார்க்க மட்டும் வந்தவன். இரண்டு நாள் பார்த்தேன். மதாமின் தாளில் இருந்த சில மூக்குகள் கல்லில் இல்லை. வெயிலில் நின்றபடி அழுதேன். யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வந்து, போய்வந்தேன் என்று ஒரு வரி எழுதி அவருடைய கதவுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் அவரே வந்து எங்கள் கதவைத் தட்டினார். கையைப் பிடிக்கவில்லை. "வாங்கோ" என்றுவிட்டு முன்னால் நடந்தார்.

தன் குசினி மேசையில் சிறிய கண்ணாடிக் குவளையில் தேநீர் வைத்தார். அங்கே எடுத்திருந்த புகைப்படங்களை மேசையில் வைத்தேன். அவர் அவற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சொல்லுங்கோ" என்றார். படியில் இருந்து தொடங்கினேன். வாசல் காளைகள், தூண்கள், மூக்கில்லாத முகங்கள். எதையும் மறைக்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "பேந்து, கிழக்குப் படிக்கட்டுக்கு மேல கூரை போட்டிருக்கினம்" என்றேன்.

குவளை மேசைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "என்ன போட்டிருக்கினம்?"

"கூரை. சிற்பத்தில மழை விழாமல்."

அவர் குவளையைக் கீழே வைத்தார்.  கிழட்டுப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒருவன் சொல்லக்கூடிய பொய் அதைவிட வேறென்ன இருக்க முடியும்? என்னிடம் பொய் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். கவிழ்ந்து கிடந்த படங்களைத் திருப்பினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவர் அவற்றைத் தொடவில்லை.

"அந்தச் சுவரில ஒரு ஒட்டகம் வருமல்லோ," என்றார், சாதாரணமாக. "அதின்ர பின்னங்காலுக்குக் கீழ ஒரு சின்னப் பல்லி. சிற்பி விளையாட்டா வெட்டினது. எனக்கு அந்த இடத்தில எல்லாத்தையும்விட அதுதான் பிடிக்கும். கண்டனீங்களோ?"

அந்த ஒட்டகத்தின் முன் நான் அரைமணி நேரம் குந்தியிருந்திருக்கிறேன். பல்லியைக் காணவில்லை. ஓம் என்று சொல்லலாம். சொன்னால் அவர் முகம் மலரும். உண்மையைச் சொன்ன நாளில் இருந்து நான் இழந்திருந்த முகம். நாக்கு நுனிவரை அந்த 'ஓம்' வந்துவிட்டது.

"இல்லை மதாம். நான் காணேல்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். காணேல்லை."

அவர் எழுந்து கேத்திலை எடுத்துவந்து என் குவளையை மறுபடி நிரப்பினார். சீனிக்கட்டித் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"அங்க பல்லி ஒண்டும் இல்லை, மாஸ்டர்," என்றார். "இனிச் சொல்லுங்கோ. அந்தக் கூரை எவ்வளவு அகலம்? காத்தடிச்சால் சாரல் உள்ள வருமோ?"

அகலத்தைக் கைகளை விரித்துக் காட்டினேன். நான் போன இரண்டு நாளும் மழை பெய்யவில்லை, சாரலைப் பற்றி எனக்குத் தெரியாது என்றேன்.